ஐந்து மடக்கு நாற்காலியும் ஷைனியின் வண்டியும்

மகனே,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. வாயெடுத்தால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறாய். சாயங்காலம் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாய். தாள் அப்படி இல்லை. நீ திரும்பி வரும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். இதை மடித்து ஒட்டவும் மாட்டேன். சாப்பாட்டு மேசைமேல் திறந்தே வைக்கப் போகிறேன். உன் பெண்டாட்டி படிக்கட்டும், பால் ஊற்ற வருகிறவர் படிக்கட்டும், பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிற இந்தத் தெருக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும். நீயும் உன் மகளைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசவில்லையே. உன் சிநேகிதர்கள் நாலு பேர் நம் வீட்டில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தபோதுதானே பேசினாய்?

நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பொட்டப்பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. ஒரு வளைவு ஒழுங்கா திரும்பத் தெரியல. இவளால நம்ம அஞ்சு பேரு லீவும் பாழாப் போச்சு." அந்த நெட்டை மனுசன் சிரித்தார். "விடும் வே, கல்யாணம் ஆனா மாப்பிள பின்னால உக்காந்து வந்துட்டுப் போறா" என்றார். ஷைனி இடது கையில் மாவுக்கட்டோடு தண்ணீர்ச் செம்பை வைக்க வந்தவள், செம்பை வைத்தாள், வண்டிச் சாவியையும் எடுத்து உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "வித்துருங்கப்பா" என்றாள். நீ "சரி" என்றாய். அவள் சம்பளத்தில் அவள் வாங்கின வண்டிக்கு நீ ஒற்றைச் சொல்லில் சரி சொன்னாய். எனக்கு அப்போதே அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. சோறு பாவம் என்று விட்டேன்.

இப்போது கேள். நீயும் சிநேகிதர்களும் ஷைனியைக் கூட்டிக்கொண்டு வண்டியில் மலைக்குப் போன இந்தப் பயணத்துக்கு நீ சாமான் வாங்கின கதையை நான் முதலில் இருந்து பார்த்தவள். இரண்டு மாதம். சாப்பிடும்போதும் போனில் வண்டிக்காரன் படம்தான். எவனோ ஒருவன் பனிமலையில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறான், நீ அதை வாய் பிளந்து பார்க்கிறாய். அலுமினியப் பெட்டியா துணிப் பையா என்று உங்கள் ஐந்து பேருக்குள் சண்டை. ஐந்து பேருக்கும் ஒரே நிறத்தில் பெட்டி வேண்டும், படம் எடுத்தால் வரிசையாகத் தெரிய வேண்டும் என்று பேசிக்கொண்டீர்கள். மழையில் உள்ளே தண்ணீர் போகுமா, சைலன்சர் சூட்டில் பை கருகுமா, வண்டி சாய்ந்தால் பெட்டி கால்மேல் விழுமா என்று ஒருத்தரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. கேட்டது ஷைனி ஒருத்திதான். அவள் தனக்கு இரண்டு பக்கமும் தொங்கும் சின்னத் துணிப் பை இரண்டு வாங்கினாள். ஒரு பையில் இரண்டு செட் துணி, மறு பையில் மழைக்கோட்டும் டியூப் ஒட்டும் சாமானும். இரண்டையும் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து, எடை ஒத்து வரும்வரை மாற்றி மாற்றி வைத்தாள். "ஆச்சி, நீ தூக்கிப் பாரு" என்று என்னிடமும் தந்தாள். சுத்தமாக ஒத்திருந்தது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

நீ கூடாரம் வாங்கினாய். ஆறு பேர் படுக்கிற கூடாரம் என்று அட்டையில் போட்டிருந்தது. மொட்டைமாடியில் அதை விரித்துப் பார்த்த லட்சணம் ஞாபகம் இருக்கிறதா? கம்பியை மாட்டி நிமிர்த்தினீர்கள், நாலு முனையிலும் கனம் வைக்காமல் நின்று போட்டோ எடுத்தீர்கள், ஆனிக்காற்று ஒரே தூக்காகத் தூக்கி அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போட்டுவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா "அண்ணாச்சி, ஒங்க பொடவ இங்கன கெடக்கு" என்று கூப்பிட்டாள். பிறகு அதைத் திரும்ப அதன் பைக்குள் போட உங்களால் முடியவில்லை. மத்தியானம் முழுக்கப் பார்த்துவிட்டு, சுருட்டி ஒரு வேட்டியில் கட்டினீர்கள். வாங்கினபோது கைக்குள் அடங்கின சாமான் ஒரு மூட்டை ஆகிவிட்டது. கூடாரம் வாங்குகிறவன் விரித்த அளவைப் பார்க்கக் கூடாது, மடித்த அளவைப் பார்க்க வேண்டும். அதுவும் தன் கையால் மடித்த அளவை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் படித்த அஞ்சாம் கிளாஸ் போதும்.

புறப்படுகிற அன்று காலையில்தான் உன் வண்டிக்கு வாங்கின பெட்டிச் சட்டம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தீர்கள். இரண்டு மாதம் படம் பார்த்தவர்கள் ஒருநாளாவது அதை வண்டியில் மாட்டிப் பார்க்கவில்லை. என்ன செய்தீர்கள்? உன் சாமானையெல்லாம் கொண்டுவந்து ஷைனி வண்டியில் ஏற்றினீர்கள். அவள் சீட்டுக்குப் பின்னால் ரேக், ரேக்குக்கு மேல் அந்தப் பெரிய பெட்டி. அதற்குள் இரும்பு வாணலி, கேஸ் அடுப்பு, ஐந்து கிலோ அரிசி, தண்ணீர்க் கேன். பெட்டிக்கு மேல் கூடார மூட்டை. மூட்டைக்கும் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு ஐந்து மடக்கு நாற்காலி. "அப்பா, இம்புட்டும் எனக்கா?" என்று அவள் கேட்டாள். "நீ ஒல்லிக்குச்சி. ஒன் வண்டிக்கி இன்னும் எடை தாங்கும். எங்க வண்டியில ஏற்கெனவே நாங்களே பாரம்" என்று தொந்தியைத் தட்டிக் காட்டினாய். எல்லாரும் சிரித்தீர்கள்.

நான் அப்போது வாசலில் நின்றேன். "ஏலே, அந்தப் பெட்டிய அம்புட்டுப் பின்னால வைக்காத. கனத்தையெல்லாம் கீழ எறக்கி சீட்டோட ஒட்டி வையி. பின்னச் சக்கரத்தத் தாண்டிப் பாரம் போனா முன்னச் சக்கரம் தரையில நிக்காது" என்றேன். இரண்டாவதும் சொன்னேன். "ஒருத்தன் ஹாண்டிலப் பிடி, ஒருத்தன் பெட்டியப் பிடிச்சு உலுக்கு. ஹாண்டில் ஆடிச்சின்னா அவுத்துக் கட்டு." சந்தைக்கு மீன் கொண்டுபோகிற சைக்கிளில் கூடை ஏற்றிய பிறகு உவரிக் கடற்கரையில் நானும் உன் அப்பாவும் தினமும் செய்தது அதுதான். நீ என்ன சொன்னாய்? "எம்மா, நீ சும்மா இரி. இது மீன் சைக்கிள் இல்ல." நெட்டையர் விடுவாரா? "என்ன வே, ஒங்கம்மா எப்ப எஞ்சினியர் ஆனாக?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அது என் தப்பு. வண்டிக்கு முன்னால் படுத்திருக்க வேண்டும்.

ஆலங்குளத்தில் டீ குடிக்க நின்றபோதே அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "அப்பா, முன்பக்கம் லேசா மெதக்குது. ஹாண்டில் தானா ஆடுது. நாற்காலிய மட்டுமாவது ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிடுங்களேன்." நீ "பயப்படாத, பழக்கமில்லாதனால அப்படித் தெரியுது, போகப்போகச் சரியாயிரும்" என்றாயாம். இதை எனக்குச் சொன்னது ஷைனி இல்லை. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். உன் கூட வந்த கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வந்தபோது மனசு தாங்காமல் சொன்னார். "ஆலங்குளத்துலயே சொல்லிச்சும்மா பிள்ள. நாங்கதான் கேக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுசனுக்கு இருந்த ஈரம் பெற்ற தகப்பனுக்கு இல்லாமல் போயிற்றே!

செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது, வளைவும் ஏற்றமும் சேர்ந்து வந்த இடத்தில், அவள் ஹாண்டிலைத் திருப்பியிருக்கிறாள், வண்டி திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் இறங்கும். திருப்பிவிட வேண்டிய முன்சக்கரம் பாதி அந்தரத்தில் இருக்கிறது. ஒல்லியான பிள்ளை முன்னால், ஒரு வீட்டுச் சாமான் பின்னால். எதிரே பஸ் வராதது நான் செய்த புண்ணியமோ அவள் அம்மா வேண்டின வேண்டுதலோ தெரியவில்லை. அவள் ஓரத்துச் சரளையில் விழுந்தாள், கை ஒடிந்தது. நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டை பூராவும் வேர்வையில் நனைந்து நீ நின்றதை நானும் பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. பயந்துவிட்டாய். அந்தப் பயம் இறங்கின பிறகு, அதை வைக்க உனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. கூடாரத்தையும் நாற்காலியையும் வைத்த இடத்திலேயே அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டாய்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து போட்ட மறுநாள், நீ ஆபீஸ் போன பிறகு, நான் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக வாசலில் பரப்பினேன். மீன்கூடை தூக்கின கை இது. எடையை என்னிடம் மறைக்க முடியாது. ஷைனியின் இரண்டு பையையும் ஒரு கையில் எடுத்தேன், வந்தது. திறக்கும் முன்னால் உன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்திருந்தேன், வரவில்லை. ரேக் பின்பக்கமாக வளைந்து, பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது. நாற்காலி கட்டின பட்டையின் வால் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி தேய்ந்து கருத்திருந்தது. சக்கரத்தில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. விழாமல் போயிருந்தால் அந்த வால் சக்கரத்தில் சுற்றி வேறு இடத்தில் விழத்தட்டியிருக்கும். கட்டத் தெரிந்தவன் வாலைத் தொங்கவிடுவானா? பிறகு நாற்காலியை எண்ணினேன். ஐந்து. போனது ஆறு பேர். மகனே, அவள் சுமந்துகொண்டு போன நாற்காலியில் அவளுக்கு ஒரு நாற்காலி இல்லை. இதை உன் சிநேகிதர்கள் முன்னால் நீ சிரித்துக்கொண்டே சொல்லிப் பார், பார்க்கலாம்.

இனிமேல் யாராவது இரண்டு சக்கரத்தில் தூரம் போவதானால் என் வார்த்தையைக் கேட்கட்டும். என்ன பெட்டி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகலாம் என்று யோசிக்கட்டும். கனமானது எல்லாம் தாழ்வாக, ஓட்டுகிறவர் இடுப்போடு ஒட்டி வரட்டும். பஞ்சுபோல் இருக்கிற போர்வையும் படுக்கைப் பையும் மேலே போகட்டும். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். முந்தின வாரமே முழுப் பாரத்தோடு பாபநாசம்வரை போய்த் திரும்பி வந்து பார்க்கட்டும். பத்து மைலில் ஒருமுறை நிறுத்திக் கட்டை இழுத்துப் பார்க்கட்டும். யாருடைய சாமானோ அதை அவரவர் வண்டியில் வைக்கட்டும். தொந்தி இருக்கிறவனுக்கு நாற்காலி வேண்டுமென்றால் அந்தத் தொந்தியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டும். ஓட்டுகிற ஆள் "வண்டி ஆடுது" என்று சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்தி அவிழ்க்கட்டும். வண்டி ஓட்டுகிறவர் கையோடுதான் பேசும். பக்கத்தில் வருகிறவனுக்கு அது கேட்காது.

எனக்கு வயிறு எரிவது கை ஒடிந்ததற்காக இல்லை. எலும்பு கூடிவிடும். முந்தாநாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, கட்டுப் பிரிச்சதும் என்னைய உவரி கோயிலுக்கு வண்டியில கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு வளைவு வராது ஆச்சி." வண்டி வாங்கின நாளிலிருந்து என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இந்த ஜில்லா முழுக்கச் சுற்றின பிள்ளை. களக்காட்டு வாழைத்தோட்டத்துச் சேற்றில்கூட என்னைச் சாய்க்காமல் கொண்டுவந்தவள். அவளுக்கா வளைவு வராது? நீ சொன்ன வார்த்தையை அவள் நம்பிவிட்டாள். தகப்பன் சொன்னால் பெண்பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

இதற்கு மேல் எழுதப் போவது எனக்கு இலகுவானது இல்லை. நீ உன்னை யோக்கியமில்லாதவன் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பாய். நீ செய்ததை உனக்கு முன்னாலேயே செய்தவள் நான். உன் அப்பா சைக்கிளில் இருந்து விழுந்தது உனக்கு ஏழு வயதில். கள்ளு குடித்துவிட்டு விழுந்தார் என்று உவரி முழுக்கச் சொன்னார்கள், நீயும் கேட்டிருப்பாய். அன்றைக்கு மடிவலையில் நல்ல மீன்பாடு; சாத்தான்குளம் சந்தையில் கல்யாணவீட்டுக்காரர் காத்திருந்தார். எப்போதும் ஏற்றுகிற மூன்று கூடைக்கு மேல் நாலாவது கூடையை நான்தான் வைத்தேன். இடமில்லாததால் பின்னால் தள்ளி, உயரத்தில் வைத்தேன். "போதும்ட்டி, வண்டி தாங்காது" என்றார். "நீரு ஒரு ஆம்பளையா? ஒத்தக் கூடைக்கிப் பயப்படுதீரே" என்றேன். அதோடு விட்டேனா? எப்போதும் கட்டுகிற தேங்காய்த் தும்புக் கயிற்றை விட்டுவிட்டு, கடைக்குப் புதிதாக வந்திருந்த நைலான் கயிற்றால் கட்டினேன். பளபளவென்று இருந்தது. தும்புக் கயிறு நனைந்தால் இறுகும். நைலான் நனைந்தால் தொய்யும். ஐஸ் தண்ணீர் இறங்க இறங்கக் கட்டுத் தளர்ந்து, திசையன்விளைக்கு முந்தின வளைவில் கூடை பின்னால் சரிந்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டது.

ஆள் வந்து சொல்லி நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அவர் கால் மடங்கிக் கிடந்தார். கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. நான் முதலில் கயிற்றைப் பார்த்தேன். மகனே, நான் முதலில் அவரைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தேன். தொய்ந்து கிடந்தது. யாரும் கவனிக்கும் முன்னால் அவிழ்த்துச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பனங்காட்டுப் பக்கம் விழுந்ததால் கள்ளு என்று எவனோ சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் குடித்தவர்தானே, எல்லாரும் நம்பினார்கள். வீட்டில் கால்கட்டோடு படுத்திருந்து அவர் என்னைக் கேட்டார்: "ஏட்டி, நான் ஓட்டிக்கிட்டே கண்ண மூடிட்டனோ? எனக்கு ஒண்ணுமே வெளங்கலியே." நான் சொன்னேன், "எனக்கென்ன தெரியும்?" அவ்வளவுதான் சொன்னேன். அதன் பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை. கடற்கரையை விட்டு இங்கே பாளையங்கோட்டைக்கு வந்து குடோனில் காவல் இருந்தார். எங்கே போனாலும் நடை. "அப்பா ஏன் சைக்கிள் ஓட்ட மாட்டேங்காரு?" என்று நீ கேட்டபோது, "அவருக்குப் பயம்லே" என்று உனக்குச் சொன்னவளும் நான்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப் பயந்தாங்கொள்ளி மகன் என்று கூப்பிட்டதும், நீ இன்றைக்கு ஐம்பது வயதில் வண்டி வண்டி என்று அலைவதும் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தன் கை தப்புச் செய்துவிட்டது என்று நம்பிக்கொண்டேதான் அவர் கண்ணை மூடினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். "கட்டினது நான்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு ரோஷம். என் கட்டு அவிழாது என்று ஊரில் எனக்கு இருந்த பேருக்கு ரோஷம்.

ஆகையினால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ சொல்லலாம். இந்த வீட்டில் அந்த யோக்கியதை எனக்கு மட்டும்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒரு ஆள் எப்படிச் சுருங்கிப் போவார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உன் அப்பாவிடம் இனி நான் போய்ச் சொல்ல முடியாது. உன் மகளுக்கு இருபத்து மூன்று வயது. அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.

வண்டி வாங்க சனிக்கிழமை வருவதாகச் சொன்ன ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரும்படி உன் சிநேகிதர்கள் நாலு பேரையும் நானே போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். ஷைனியும் இருப்பாள். சீலா மீன் வாங்கி நானே குழம்பு வைக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு நீ எழுந்து நின்று, பாரம் ஏற்றினது யார், அவள் எங்கே வைத்து உன்னிடம் சொன்னாள், நீ என்ன பதில் சொன்னாய் என்று மூன்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழகாகச் சொல்ல வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொன்னால் போதும். நீ வாயைத் திறக்கிறவரைக்கும் அன்றைக்கு ஒருத்தர் இலையிலும் சோறு விழாது.

இப்படிக்கு,
உன் அம்மா